கிராபிக்ஸ் கார்டோடு வரும் ‘இலவச’ கேம்: ஒரு குறியீட்டின் பின்னணி

2023 ஜூலை முதல் செப்டம்பர் இறுதி வரை, கணினிச் சிப்களை உருவாக்கும் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்களிலும் ரேடியான் 6000, 7000 வரிசைக் கிராபிக்ஸ் கார்டுகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலவற்றை வாங்கியவர்களுக்கு ‘ஸ்டார்ஃபீல்டு’ என்ற விளையாட்டு கூடுதல் விலையின்றிக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அப்போது அந்த விளையாட்டின் சாதாரணப் பதிப்பு அமெரிக்காவில் 70 டாலருக்கும் பிரீமியம் பதிப்பு 100 டாலருக்கும் விற்பனைக்கு வரவிருந்ததால், கார்டு வாங்க வந்தவர்கள் பலர் அதை அந்த அளவுக்கான விலைக்குறைப்பாகவே கணக்கிட்டார்கள். ஆனால் கடையிலிருந்து அவர்கள் கைக்கு வந்தது விளையாட்டு அல்ல, ஒரு கூப்பன் எண் மட்டுமே. அந்த எண் விளையாட்டாக மாற வேண்டுமானால், ஏஎம்டியின் தளத்தில் கணக்கு தொடங்கி, எண்ணைப் பதிந்து, வாங்கிய பொருள் தம் கணினியில் இருக்கிறது என்பதை ஒரு மென்பொருளின் வழியாகக் காட்டி, குறித்த தேதிக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும்.

இத்தனை படிகள் எதற்கு என்ற எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் இவற்றில் எதுவும் காரணமின்றி வந்ததல்ல. அந்தக் குறியீட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள், அது யார் கைக்குப் போகக் கூடாது என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையிலிருந்தே ஒவ்வொரு நிபந்தனையும் பிறந்திருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் இந்தச் சலுகை, பெட்டிக்குள் கிடந்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கக்கூடிய ஒரு பொருள் என்ற நிலையிலிருந்து, ஒருவரின் கணக்கோடு கட்டிப்போடப்பட்ட அனுமதி என்ற நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். என்விடியாவும் ஏஎம்டியும் சிப்பை வடிவமைக்கின்றன. அதைக் கார்டாக்கி விற்பவை ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜோடாக், சஃபயர் போன்ற வேறு நிறுவனங்கள். அவற்றுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் இறக்குமதியாளர், மொத்த விற்பனையாளர், கடைக்காரர் என்று ஒரு நீண்ட சங்கிலி இருக்கிறது. விற்பனை மந்தமாகும்போது விலையைக் குறைப்பதே எளிய வழி என்று தோன்றும். ஆனால் விலையைக் குறைத்தால், பழைய விலைக்கு வாங்கி அடுக்கி வைத்திருக்கும் இடைநிலை வணிகர்கள் அனைவருக்கும் நட்டத்தை ஈடுகட்ட வேண்டியிருக்கும். ஒருமுறை இறங்கிய விலையை மீண்டும் ஏற்றுவதும் கடினம். விளையாட்டை இணைத்துக் கொடுப்பதில் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியின் மேல் ஒட்டிய விலை அப்படியே இருக்கும். சலுகைக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. முடிந்த மறுநாள் யாரும் விலை ஏறிவிட்டது என்று குறைசொல்ல மாட்டார்கள். மொத்தமாக வாங்கும் சிப் நிறுவனம் ஒவ்வொரு குறியீட்டுக்கும் கடை விலையைக் கொடுப்பதில்லை என்பதும், கூப்பன் பெற்றவர்களில் ஒரு பகுதியினர் அதைக் கடைசி வரை பயன்படுத்தவே மாட்டார்கள் என்பதும் இந்தக் கணக்கை மேலும் இனிப்பாக்குகின்றன. மறதியும் சோம்பலும் இந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே இடம்பெற்றிருக்கின்றன என்பது என் கருத்து. நிபந்தனைகள் கடுமையாக இருப்பதால் நட்டப்படுபவர்கள் யாரும் சிப் நிறுவனங்களின் பக்கத்தில் இல்லை.

விளையாட்டு வெளியீட்டாளருக்கும் இதில் ஆதாயம் உண்டு. வெளியீட்டுக்கு முன்பே ஒரு தொகை உறுதியாகிறது, சிப் நிறுவனத்தின் விளம்பரம் கிடைக்கிறது, பல நேரங்களில் அதன் பொறியாளர்களின் உதவியும் கிடைக்கிறது. புதிய விளையாட்டு பழைய கார்டில் திணறுவதே புதிய கார்டு வாங்க ஒரு காரணமாவதால், இருவரின் நலனும் ஒரே திசையில் ஓடுகிறது. கார்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்து, கேட்ட விலைக்கு விற்கும் காலங்களில் இந்தச் சலுகைகள் மெலிந்துபோவதற்கும், ஒரு தலைமுறைக் கார்டுகள் பழையதாகி அடுத்தது வரவிருக்கும் மாதங்களில் அவை பெருகுவதற்கும் காரணம், இவை விற்பனையைத் தூண்டும் கருவி என்பதே.

தொண்ணூறுகளில் கார்டுப் பெட்டிக்குள்ளேயே குறுந்தகடு இருந்தது. சவுண்ட் கார்டோடும் சிடி டிரைவோடும் விளையாட்டுகள் வந்தன. தனியே விற்பதற்கல்ல என்று மேலே அச்சிட்டிருந்தாலும், தகட்டை நண்பருக்குக் கொடுப்பதை யாராலும் தடுக்க முடியவில்லை. தகட்டுக்குப் பதில் வெறும் வாக்குறுதி வந்தால் என்ன ஆகும் என்பதை 2003 காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில், அப்போது தனி நிறுவனமாக இருந்து பின்னர் ஏஎம்டியோடு சேர்ந்த ஏடிஐ, ரேடியான் 9800 எக்ஸ்டி என்ற கார்டை ‘ஹாஃப்-லைஃப் 2’ விளையாட்டுக்கான கூப்பனோடு அறிமுகம் செய்தது. விளையாட்டு செப்டம்பர் 30 அன்று வெளிவரும் என்று அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் முன்பு சொல்லியிருந்தது, அது வரவில்லை. அடுத்த சில நாட்களிலேயே அதன் மூல நிரல் திருடப்பட்டு இணையத்தில் வெளியானது. கடைசியில் விளையாட்டு வெளிவந்தது 2004 நவம்பர் 16 அன்று. எந்த விளையாட்டைக் காட்டி கார்டு விற்கப்பட்டதோ, அது வருவதற்குள் அந்தக் கார்டே பழையதாகிவிட்டது. இடையில் கூப்பன் வைத்திருந்தவர்களை ஆற்றுப்படுத்தும் வகையில், ‘கவுன்டர்-ஸ்டிரைக்: சோர்ஸ்’ சோதனைப் பதிப்பு 2004 ஆகஸ்டில் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆனாலும் ஒரு பெரிய விஷயம் அப்போது நடந்தது: விளையாட்டுகளை இணையவழி தர வால்வ் 2003இல் தொடங்கியிருந்த ஸ்டீம் என்ற சேவையில் கணக்கு வைத்து, அதில் கூப்பன் எண்ணைப் பதிய வேண்டியிருந்தது. தகடு போய், கணக்கு வந்தது.

வெளிவராத விளையாட்டை வைத்துப் பொருளை விற்பது அதோடு நின்றுவிடவில்லை. 2020 அக்டோபர் தொடக்கத்தில், ரைசன் 5000 வரிசையின் மேல்நிலைப் பிராசஸர்களுக்கு ‘ஃபார் கிரை 6’ இணைக்கப்படும் என்று ஏஎம்டி அறிவித்தபோது, அது 2021 பிப்ரவரி 18 அன்று வெளிவருவதாக இருந்தது. வெளிவந்தது அக்டோபர் 7 அன்று. பிராசஸர் வாங்கியவர்கள் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தார்கள்.

பொருள் கையில் இருக்கிறதா என்று மென்பொருளே பார்த்துச் சொல்லும் முறையும் புதிதல்ல. 2007இல் ஏடிஐ கார்டு வைத்திருப்பவர்களுக்கும், 2008 தொடக்கத்தில் என்விடியா கார்டு வைத்திருப்பவர்களுக்கும் வால்வ் சில சிறு விளையாட்டுகளை இலவசமாகத் தந்தது. கூப்பன் எதுவும் கிடையாது. ஸ்டீம் மென்பொருள் கணினியைச் சோதித்து, உரிய கார்டு இருந்தால் விளையாட்டைக் கணக்கில் சேர்த்துவிடும். ‘போர்ட்டல்’ விளையாட்டின் முதல் பகுதி மட்டும் தனியாக என்விடியா பயனர்களுக்குக் கிடைத்தது அப்போதுதான். பின்னால் வந்த கெடுபிடிகளோடு ஒப்பிட்டால் அது பெருந்தன்மையான ஏற்பாடு.

கெடுபிடிக்குக் காரணமானது 2012இல் தொடங்கிய வெள்ளம். அந்த அக்டோபரில் ஏஎம்டி, ‘நெவர் செட்டில்’ என்ற பெயரில், அன்றைய ரேடியான் எச்டி 7000 வரிசைக் கார்டுகளோடு ‘ஃபார் கிரை 3’, ‘ஹிட்மேன்: அப்சல்யூஷன்’, ‘ஸ்லீப்பிங் டாக்ஸ்’ ஆகியவற்றைக் கார்டின் தரத்துக்கேற்பத் தரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ‘பயோஷாக் இன்ஃபினிட்’, ‘கிரைசிஸ் 3’, ‘டூம் ரெய்டர்’ எல்லாம் சேர்ந்தன; 2013 ஆகஸ்டில், விலையுயர்ந்த கார்டுக்கு மூன்று, நடுத்தரத்துக்கு இரண்டு, குறைந்ததற்கு ஒன்று என்று பட்டியலிலிருந்து வாடிக்கையாளரே பொறுக்கிக்கொள்ளும் முறையும் வந்தது. இந்தக் குறியீடுகள் எந்தக் கார்டோடும் பிணைக்கப்படவில்லை. எண்ணை அறிந்தவர் எவரும் பதிந்துகொள்ளலாம். எனவே, அந்த விளையாட்டு ஏற்கெனவே வைத்திருந்தவர்கள், விளையாட்டிலேயே ஆர்வமில்லாமல் வேறு வேலைக்குக் கார்டு வாங்கியவர்கள் எல்லாரும் குறியீட்டை இபே போன்ற தளங்களிலும், குறியீடுகளை விற்பதற்கென்றே தோன்றிய ஜி2ஏ போன்ற சந்தைகளிலும் விற்றார்கள். வெளியீட்டாளர் முழு விலைக்கு விற்க விரும்பிய முதல் வாரத்திலேயே அதே விளையாட்டு பாதி விலைக்குக் கிடைத்தது.

வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், இதில் தவறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளோடு வந்த ஒன்றைத் தனக்குத் தேவையில்லை என்று விற்பது இயல்பான காரியம். அதனால் கார்டின் உண்மையான விலை உண்மையாகவே குறைந்தது. ஆனால் அந்தச் சந்தையில் வாங்கியவருக்கு ஆபத்து இருந்தது. தன் கையில் இருப்பது கார்டோடு வந்த குறியீடா, திருட்டுக் கடன் அட்டையில் வாங்கப்பட்டதா என்று அவரால் கண்டறிய முடியாது. 2015 ஜனவரியில், மோசடியாகப் பெற்று மறுவிற்பனை செய்யப்பட்டவை என்று சொல்லி ‘ஃபார் கிரை 4’ உள்ளிட்ட சில விளையாட்டுகளின் குறியீடுகளை அவற்றின் வெளியீட்டாளரான யூபிசாஃப்ட் முடக்கியபோது, பலர் காலையில் எழுந்து பார்க்கையில் விளையாட்டு தம் கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தது. விளையாடத் தொடங்கியிருந்தவர்களுக்கு அது பிறகு திருப்பித் தரப்பட்டது என்றாலும், நிறுவனங்கள் தம் வாயிலை இறுக்கிக்கொள்ள இது போன்ற சம்பவங்கள் வசதியான காரணமாக அமைந்தன.

2017 தொடக்கத்தில் என்விடியா அந்தக் கதவை அடைத்தது. ‘ஃபார் ஆனர்’ அல்லது ‘கோஸ்ட் ரீகன் வைல்ட்லேண்ட்ஸ்’ தரப்பட்ட சலுகையிலிருந்து, ஜீஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் என்ற தன் மென்பொருளுக்குள் நுழைந்துதான் குறியீட்டைப் பதிய முடியும், தகுதியுள்ள கார்டு அந்தக் கணினியில் பொருத்தப்பட்டிருந்தால்தான் அது ஏற்கப்படும் என்ற விதி வந்தது. ஏஎம்டியும் தன் சரிபார்ப்பு மென்பொருளோடு அதே வழியில் வந்தது. இன்டெல் நிறுவனத்தின் சலுகைகளுக்கும் தனித் தளமும் பதிவுமுறையும் உண்டு.

இன்றைய நடைமுறையில் இரண்டு வகை எண்கள் இருப்பதை உணர்ந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கடைக்காரர் தருவது கூப்பன் எண். அதை ஸ்டீமில் நேராகத் தட்டினால் செல்லாது என்றே பதில் வரும். அது சிப் நிறுவனத்தின் தளத்தில் மட்டுமே செல்லும். அங்கே சரிபார்ப்பு முடிந்த பிறகு கிடைப்பதே விளையாட்டுக்கான குறியீடு. ஸ்டீமின் குறியீடு பெரும்பாலும் ஐந்தைந்து எழுத்துகளாக மூன்று தொகுதிகளைக் கொண்டிருக்கும். அதை ஸ்டீம் மென்பொருளின் கேம்ஸ் பட்டியலில் உள்ள ஆக்டிவேட் வசதியில் பதிய வேண்டும். அண்மைக் காலச் சலுகைகள் பலவற்றில் இந்த இரண்டாவது எண் கண்ணுக்கே தெரிவதில்லை. நம் ஸ்டீம், எபிக், யூபிசாஃப்ட் அல்லது பேட்டில்.நெட் கணக்கை இணைக்கச் சொல்லி, விளையாட்டை அதில் நேரடியாகச் சேர்த்துவிடுகிறார்கள். பிள்ளையின் கணக்குக்குப் பதில் தந்தையின் கணக்கை இணைத்துவிட்டால் அதைப் பிறகு மாற்ற வழியில்லை. எந்தக் கடையின் கணக்கு தேவைப்படும் என்பதையும் முன்பே பார்ப்பது நல்லது: 2023இல் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையின் மேல்நிலைக் கார்டுகளோடு வந்த ‘ஆலன் வேக் 2’ எபிக் கடையில் மட்டுமே இருந்ததால், ஸ்டீமை விட்டு நகராத பலருக்கு அந்த இலவசம் உவப்பாக இல்லை.

சரிபார்ப்பு மென்பொருள் எதைப் பார்க்கிறது என்பதைச் சற்று விளக்கலாம். கணினியின் பிசிஐ என்ற இணைப்பு முறையில் செருகப்படும் ஒவ்வொரு சாதனமும் தன்னைத் தயாரித்தவரின் எண்ணையும் மாடலின் எண்ணையும் இயங்குதளத்திடம் சொல்லும். எண்களோடு எழுத்துகளும் சேரும் பதினாறடிமான முறையில் ரேடியான் கார்டுகளின் எண் 1002, என்விடியாவின் எண் 10டிஇ. பிராசஸரும் தன் குடும்பத்தையும் மாடலையும் கேட்டால் சொல்லிவிடும். ஆனால் பிராசஸரின் தனி வரிசை எண்ணை மென்பொருள் படிக்க முடியாது. 1999இல் பென்டியம் 3 பிராசஸரில் இன்டெல் அப்படியொரு எண்ணை வைத்து, அது பயனர்களை வேவு பார்க்க உதவும் என்ற கடும் எதிர்ப்பு எழுந்ததால் பின்னர் கைவிட்டது. ஆகவே மென்பொருளால், இந்த மாடல் இந்தக் கணினியில் இருக்கிறது என்று உறுதிசெய்ய முடியுமே தவிர, அது இந்தப் பில்லில் வாங்கிய அதே பிராசஸர் என்று சொல்ல முடியாது. கூப்பன் எண்ணையும், சில நேரங்களில் பில்லின் படத்தையும் கூடவே கேட்பது அந்த இடைவெளியை நிரப்பத்தான்.

நடைமுறையில் ஆட்கள் தடுக்கி விழும் இடங்கள் இந்தச் சரிபார்ப்பைச் சுற்றியே இருக்கின்றன. பிராசஸரை இந்த மாதமும் மதர்போர்டை அடுத்த மாதமும் வாங்கலாம் என்று திட்டமிடுபவர், கணினியைக் கூட்டி முடிப்பதற்குள் கூப்பன் காலாவதியாகிவிடலாம். ஏஎம்டியின் மென்பொருள் விண்டோஸில் இயங்குவது என்பதால், லினக்ஸ் என்ற இயங்குதளத்தை மட்டுமே வைத்திருப்பவர் இதற்காகவே ஒரு விண்டோஸை நிறுவவோ, வாடிக்கையாளர் உதவிக்கு எழுதிக் காத்திருக்கவோ வேண்டியிருக்கும். மென்பொருளாலேயே உருவாக்கப்படும் மெய்நிகர் கணினிக்குள் ஓட்டிப் பார்ப்பது பயன்படாது. உள்ளே இருக்கும் கார்டு அதன் கண்ணுக்குத் தெரியாது. இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் இயக்கத்தில் இருந்தால் நாடு பொருந்தவில்லை என்று மறுக்கப்படலாம்.

இரண்டு தேதிகளைக் குழப்பிக்கொள்வது இதைவிடப் பரவலானது. பொருளை வாங்க வேண்டிய கடைசி நாள் வேறு. கூப்பனைப் பதிய வேண்டிய கடைசி நாள் வேறு. விளம்பரத்தில் பெரிதாக இருப்பது முதல் தேதி. இரண்டாவது, நிபந்தனைகளின் நீண்ட பத்திகளுக்குள் கிடக்கும். அதிலும் கூப்பன்கள் இருப்பு உள்ளவரை மட்டுமே என்ற வரி ஏறக்குறைய எல்லாச் சலுகைகளிலும் இருக்கிறது.

நாடும் கடையும் அடுத்த வடிகட்டிகள். ஒரே விளையாட்டு வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு விலைக்கு விற்கப்படுகிறது. ஸ்டீம் 2015 நவம்பரில் இந்திய ரூபாயில் விலையிடத் தொடங்கியபோதே பல விளையாட்டுகளின் விலை அமெரிக்க விலையைவிடக் குறைவாக இருந்தது. மலிவான நாட்டின் குறியீடு விலையுயர்ந்த நாட்டுக்குப் போகாதபடி காக்கவே குறியீடுகளில் நாட்டுக் கட்டுப்பாடு வைக்கப்படுகிறது. துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள உறவினர் வாங்கிவரும் கார்டின் கூப்பன், சென்னையில் உள்ள கணக்கில் ஏறாமல் போக இது போதும். கடையைப் பொறுத்தவரை, சலுகையில் பங்கேற்கும் விற்பனையாளர்களின் பட்டியல் நாடுவாரியாக வெளியிடப்படுகிறது. சென்னை ரிச்சி தெருவில் அடுத்தடுத்த இரண்டு கடைகள் ஒரே பெட்டியை ஒரே விலைக்கு விற்றாலும், பட்டியலில் உள்ள கடையால் மட்டுமே கூப்பன் தர முடியும். மற்றவரிடம் எவ்வளவு வாதாடினாலும் அவர் கையில் கொடுப்பதற்கு எதுவும் இருக்காது. பணம் கொடுப்பதற்கு முன் கேட்டு, ஜிஎஸ்டி பில்லில் மாடலின் முழுப் பெயரும் தேதியும் வருமாறு பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

இணையக் கடைகளில் வாங்கினால், பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகே கூப்பன் எண் மின்னஞ்சலில் வருவது வழக்கமாகிவருகிறது. குறியீட்டைப் பதிந்துவிட்டுக் கார்டைத் திருப்பித் தருபவர்களால் வந்த ஏற்பாடு அது. பதிந்த பின் திருப்பினால் விளையாட்டின் மதிப்பைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும் கடைகளும் உண்டு. பெட்டியில் வந்த சீட்டைப் பெருமைக்காகப் படமெடுத்துப் போடுவதும் வேண்டாம். பதியப்படாத வரை அந்த எண்ணைக் கண்டவர் பதிய முயலலாம்.

எல்லாம் சரியாக முடிந்து விளையாட்டு கணக்கில் ஏறிவிட்டாலும், அதைக் காசு கொடுத்து வாங்கியவரின் உரிமைகள் அனைத்தும் நமக்கு வந்துவிடுவதில்லை. 2015இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் கார்டுகளோடு ‘பேட்மேன்: ஆர்க்கம் நைட்’ தரப்பட்டது. ஜூன் 23 அன்று வெளியான அதன் கணினிப் பதிப்பு தடுமாறித் தடுமாறி ஓடியதால், ஓரிரு நாளிலேயே விற்பனை நிறுத்தப்பட்டு, அக்டோபர் இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது. அதே ஜூன் மாதத் தொடக்கத்தில் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும் திட்டத்தை அறிவித்திருந்ததால், அங்கே வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பப் பெற முடிந்தது. ஆனால் ஸ்டீமுக்கு வெளியே பெற்ற குறியீடுகளுக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. கார்டோடு பெற்றவர்களுக்குத் திருப்பித் தர ஸ்டீமிடம் அவர்களின் பணம் எதுவும் இல்லை. அந்த விளையாட்டையே காரணமாகக் கொண்டு கார்டு வாங்கியிருந்தாலும் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

பழைய கார்டை வாங்குபவர்களுக்கும் இதில் பங்கு கிடையாது. சரிபார்ப்பு நடக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுமே கார்டு தேவைப்படுவதால், முதல் உரிமையாளர் பிறகு கார்டை விற்றாலும் விளையாட்டு அவர் கணக்கிலேயே தங்கிவிடும். பயன்படுத்திய கார்டுக்கான விளம்பரத்தில், கூப்பன் இன்னும் பதியப்படவில்லை என்று எழுதியிருந்தால் அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்பதே என் யோசனை. அந்தப் பில் வேறொருவர் பெயரில் இருக்கிறது.

முதல் உரிமையாளரின் கணக்கில் அது எத்தனை காலம் தங்கும் என்பதும் உறுதியில்லை. 2014 நவம்பரில் ஜிடிஎக்ஸ் கார்டு வாங்கியவர்களுக்கு ‘ஃபார் கிரை 4’, ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’, ‘தி குரூ’ ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. மூன்றும் யூபிசாஃப்டின் விளையாட்டுகள். முதல் இரண்டில் ஒன்றை எடுத்தவர்கள் அதன் கதையை இன்றும் தனியாக விளையாடலாம். ‘தி குரூ’ கார்ப் பந்தய விளையாட்டு. தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்திருந்தால்தான் ஓடும். 2023 டிசம்பரில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது, 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் மூடப்பட்டன, அடுத்த சில நாட்களில் பயனர்களின் உரிமமும் கணக்குகளிலிருந்து நீக்கப்பட்டது. இதற்கு எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, அதே வரிசையில் பின்னர் வந்த இரண்டு விளையாட்டுகளுக்கும் இணைய இணைப்பின்றி விளையாடும் வசதியைச் சேர்ப்பதாக 2024 செப்டம்பரில் யூபிசாஃப்ட் அறிவித்தது. கார்டோடு தரப்பட்ட முதல் பாகம் அந்த அறிவிப்பில் இல்லை.